ஆறு வாரப் பயிற்சியை எதிர்த்து நான் ஆற்றிய உரை

வாசகரே, நீங்கள் எனக்குத் தீர்ப்பளிக்க வேண்டாம். சாட்சியாக மட்டும் இருங்கள். அன்று அந்த அறையில் இருந்தவர்களில் பாதிப் பேர் எனக்குக் கைதட்டியவர்கள், மீதிப் பேர் அந்தக் கைதட்டலால் கெட்டவர்கள். நடுநிலையாளர் ஒருவர்கூட எனக்கு மிஞ்சவில்லை.

போர்ட் பிளேரில் கணினி அறிவியல் இளங்கலை இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தேன். பட்டம் பெற என்னென்ன வேண்டும் என்று கல்லூரிக் கையேட்டில் ஒரு பக்கம் உண்டு: இத்தனை பாடங்கள், இத்தனை கணிதத் தாள்கள், ஒரு புராஜெக்ட், அவற்றோடு கணினியைப் பயன்படுத்தும் ஏதேனும் ஓரிடத்தில் ஆறு வாரப் பயிற்சி. இந்தக் கடைசித் தேவையில்தான் தீவுக்காரர்கள் தடுக்கி விழுவது வழக்கம். பயிற்சி என்றாலே மெயின்லேண்ட் என்பது எங்கள் எண்ணம். சென்னைக்குக் கப்பலில் மூன்று நாள். அந்தக் கப்பலில் இடம் பிடிப்பது பட்டம் வாங்குவதைவிடக் கடினம்.

சென்னைப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாளன்று நான் திக்லிபூரில் இருந்தேன். பொங்கல் விழாப் பட்டிமன்றம். மனிதனை உயர்த்துவது படிப்பா, பண்பா என்பது தலைப்பு. நான் படிப்பு அணி. (ஜெயிச்சோம். ஆளுக்கொரு எவர்சில்வர் குடம் குடுத்தாங்க.) குடத்தோடு நாள் முழுக்கப் பேருந்தில் குலுங்கி ஊர் திரும்பினால், பட்டியலில் என் பெயர் இல்லை.

வேறொருவனாக இருந்தால் துறை அலுவலகத்தில் கெஞ்சியிருப்பான். பன்னிரண்டு வயதில் மைக் பிடித்த நான் கெஞ்சுவதா? விதியையே அகற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். என்னைப் போலவே பயிற்சி முடிக்காத பத்துப் பேரைத் திரட்டி, 'தீவு மாணவர்க்கு விலக்கு' என்று மனு எழுதினேன். துறைக் குழு எங்களைக் கூட்டத்துக்கு அழைத்தது.

அதே கூட்டத்தில் இன்னொரு விண்ணப்பமும் இருந்தது. அது என் வகுப்புத் தோழி மகேஸ்வரியுடையது. இலங்கையின் மலைத்தோட்டங்களிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறியது அவள் குடும்பம். அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் சித்தி வீட்டில் தங்கி, நாள்தோறும் ஃபெர்ரியில் சாத்தம் படகுத்துறைக்கு வந்து கல்லூரி சேர்வாள். எங்களைப் போல் மெயின்லேண்டைப் பார்த்து ஏங்காமல், பாம்பூஃப்ளாட்டிலேயே படகு எஞ்சின் உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் பயிற்சியை முடித்துவிட்டாள். ஒரு வாஷரைத் தேட அரை நாள் செலவழித்துக்கொண்டிருந்த வங்காளிக் கிடங்குக்காரர் மண்டல் தாதாவுக்கு, அவள் எழுதிய புரோகிராமில் பெயரைத் தட்டினால் எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று வந்துவிடும். குழு அந்த இடத்தை ஏற்க வேண்டியதுதான் பாக்கி. ஏற்றால் மே மாதம் பட்டம். ஜூனுக்குள் சான்றிதழ் காட்டினால் கச்சால் பள்ளியில் கணினி ஆசிரியை வேலை. அம்மாவோடு வீட்டிலிருந்தே போய்வரலாம்.

அவளுடைய பயிற்சி அறிக்கை பத்து நாளாக என் பையில்தான் கிடந்தது. ஆங்கிலத்தைத் திருத்தித் தரச் சொல்லிக் கொடுத்திருந்தாள். நான் திறக்கவில்லை. கையேட்டின் அந்தப் பக்கத்தையும் கடைசி வரி வரை படிக்கவில்லை. (படிப்பு அணியில இருந்தாப் போதாதா, படிக்க வேற செய்யணுமா?)

கூட்டத்தில் எழுந்தேன். ஆங்கிலத்திலும் இந்தியிலும் மாறி மாறி முழங்கினேன்; உள்ளே ஓடிய தாளம் மட்டும் தமிழ். கணினிப் பயிற்சிக்குத் தகுதியான ஓரிடம், ஒரே ஓரிடம், இத்தீவுகளில் உண்டா என்று மும்முறை கேட்டு, மும்முறையும் நானே இல்லை என்றேன்.

துறைத் தலைவர் குறுக்கிட்டார். பாம்பூஃப்ளாட் கிடங்கு ஒன்றுக்கு விண்ணப்பம் வந்திருக்கிறதே, அதுவும் தகாதா என்று மென்மையாகக் கேட்டார்.

மனிதனாகப் பிறந்தவன் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பான். எனக்கோ, கேள்வி கேட்பவர் எதிரணி. மூன்றாம் வரிசையில் மகேஸ்வரி இருப்பது தெரியும். அந்தப் பக்கம் திரும்பாமலே சொன்னேன். திருகாணி எண்ணுவதற்குப் பட்டம் உண்டென்றால், முதல் பட்டத்தை எங்கள் தெரு இரும்புக்கடைக்காரருக்குக் கொடுங்கள் என்றேன். சிரிப்பு, கைதட்டல். என் வாழ்நாளின் மிகச் சிறந்த கைதட்டல் அதுதான் என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

துறைத் தலைவர் கையேட்டைத் திறந்து, நான் படிக்காத கடைசி வரியைப் படித்தார். பயிற்சிக்கு விலக்களிக்க இக்குழுவுக்கு அதிகாரம் இல்லை. இடத்தை ஏற்கவோ மறுக்கவோ மட்டுமே உண்டு. பிறகு, மாணவரின் வாதம் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது என்றார். எனவே தீவுக்குள் எந்த இடமும் ஏற்கப்படாது. விடுபட்ட அனைவரும் தேர்வு முடிந்து சென்னை செல்ல வேண்டும். பட்டம் அதன் பிறகே.

அதாவது, நான் வென்றேன். பத்துப் பேரும் என் பின்னால் வரிசையாகத் தோற்றார்கள். பதினொன்றாவதாக, எந்த விலக்கும் கேட்காத ஒருத்தியும் தோற்றாள்.

சென்னையில் பயிற்சி முடித்து அவள் பட்டம் வாங்கியபோது, அந்த வேலையில் வேறொருவர் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இப்போது மெயின்லேண்ட் நிறுவனம் ஒன்றில் இருக்கிறாள். அம்மாவை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கிறாள். பட்டத்துக்குத் தகாத அந்தப் புரோகிராம் மட்டும் பாம்பூஃப்ளாட்டில் இன்றும் ஓடுகிறதாம்.

எங்கள் வீட்டில் இது வேடிக்கைக் கதையாகிவிட்டது. மரைன் ஹில்லில் தண்ணீர் வராத நாளில் அலுவலகத்துக்குப் போய் நியாயம் கேட்க நான் சட்டையை மாட்டினால், அம்மா வாசலை மறிப்பார். "வேணாம் தம்பி. நீ பேசுனா ரெண்டு நாளைக்கு ஒருக்கா வர்றதும் நின்னுரும்." விருந்தாளிகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

கூட்டம் நடந்த அன்று மாலை நான் ஒரு வாக்குக் கொடுத்தேன். அதைக் காப்பாற்றியும்விட்டேன்; தீர்மானம் அதற்குள் தட்டச்சாகி ஒப்பமும் ஆகியிருந்ததால் யாருக்கும் பயனில்லை. எனினும் சாட்சியான உங்களுக்கு அதையும் சொல்லிவிட வேண்டும்.

சாத்தத்தில் அவள் ஏறிய ஃபெர்ரியில் நானும் ஏறினேன். அவள் கம்பியைப் பிடித்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன் வீடு மரைன் ஹில்லுல. இங்க எங்க வர்ற?"

நான் சூழ்நிலை, உள்நோக்கம் இன்மை, எதிர்பாராத விளைவு என்று மூன்று தலைப்புகளில் தொடங்கினேன்.

"அரே, விடு. மன்னிப்பெல்லாம் கேக்காத. அதையும் நல்லாப் பேசிருவ." பிறகு கேட்டாள். "ரிப்போர்ட்ட படிச்சியா?"

"இல்ல."

"மத்லப், ஒரு பக்கங்கூட?"

"இல்ல."

"படிச்சிட்டு நக்கல் பண்ணியிருந்தா, இவ்வளவு வலிச்சிருக்காது."

ஃபெர்ரியில் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். எஞ்சின் இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டும் என்பதால் உரக்கவே சொன்னேன்:

"நாளைக்கு அதே ரூம்ல, அதே ஆளுங்க முன்னாடி, நான் எதையும் படிக்காமப் பேசினேன்னு சொல்றேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச மாட்டேன்."