கீழ்வீட்டிலிருந்து இரண்டு தட்டு

இப்போதெல்லாம் எவருக்கும் எதையும் முகத்துக்கு நேரே சொல்லத் துணிச்சல் கிடையாது. குறை இருந்தால் படியேறி வந்து கதவைத் தட்ட வேண்டும். அதை விட்டுவிட்டுக் கீழே நின்றுகொண்டு கம்பால் கூரையைத் தட்டுகிறார்கள்.

டொக், டொக்.

"ஆரம்பிச்சுட்டாங்க," என்றார் எடைமேடைக்காரர். சொன்னது மீன்தொட்டியிடம். வீட்டில் வேறு ஆள் இல்லை.

முப்பத்திரண்டு வருடம் லாரிகளை எடை போட்ட மனிதர். வேலை போனது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. சரக்கைச் சந்தேகப்பட்டே பழகியதால் மனிதர்களையும் அப்படியே பார்ப்பார். மனைவி போய் இரண்டு வருடம். மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான்; "சாப்டீங்களா?" "ம்." "தூங்கினீங்களா?" "ம்." அவ்வளவுதான் பேச்சு.

"ஒரு நாய் வாங்கிக்கோங்களேன்ப்பா," என்றான் ஒருநாள்.

வீட்டு ஒப்பந்தத்தில் நாய் கூடாது, பூனை கூடாது, பறவை கூடாது. மீனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கண் ஆஸ்பத்திரியில் பவளப்பூச்சி வளர்கிற உப்புத்தண்ணீர்த் தொட்டி ஒன்றை அவர் பார்த்திருந்தார். வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார். "வெச்சுக்கோங்க. ஆனா கீழ்வீட்டம்மா ஒரு வார்த்தை புகார் சொன்னாலும் தொட்டி தெருவுக்குப் போயிடும்."

மீன்கடைக்காரர் நீளமாக ஒரு பட்டியல் போட்டார். விளக்கு, நுரை எடுக்கிற மெஷின், ஹீட்டர், உப்பு அளக்கிற கருவி.

"கடல்ல யாருய்யா ஹீட்டர் போட்டிருக்கான்?"

"கடல்ல யாருங்க தொட்டி வெச்சிருக்கான்?"

எடைமேடைக்காரர் பட்டியலுக்குத் தலையாட்டினார். ஆனால் தண்ணீரை ஓட்டுகிற மோட்டார் விஷயத்தில் மறுபடி முரண்டு பிடித்தார்.

"தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும் பெரியவரே. ஓட்டம் நின்னா பவளம் செத்துடும். இந்த மோட்டாரை எடுங்க, சத்தமே வராது."

"சத்தமே வராட்டி, அது உயிரோட இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? பெரிய விலைக்கு விக்கப் பார்க்கறே. அந்தக் குட்டி மோட்டாரைக் குடு."

தொட்டி உருவானது. ஒரு கல், ஒரு மீன், கட்டைவிரல் அளவுக்கு ஒரு ரோஸ் நிறப் பவளம். காலையில் பத்து மணிக்கு விளக்கைப் போட்டால் அந்தப் பவளம் மெல்ல விரியும். அவரைப் பார்த்து முகம் மலர்கிற உயிர் அந்தக் கட்டடத்தில் அது ஒன்றுதான்.

குட்டி மோட்டார் கால் மணிக்கு ஒருதரம் நின்று கிளம்பும். கிளம்பும்போது கண்ணாடியில் இரண்டு இடி. டொக், டொக். அது தொட்டியின் கால் வழியே தரையில் இறங்கும். உடனே கீழேயிருந்தும் டொக், டொக்.

மூன்று வாரம் பொறுத்தார். இறங்கிப் போய்ப் பேசலாம். பேச்சு வளர்ந்து வீட்டுக்காரர் காதுக்குப் போனால்? மறுபடி கடைக்குப் போனார்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே, சத்தமில்லாதது எடுங்கன்னு."

"நீ சொன்னதாலதான் எடுக்கல. நடுத்தரமா ஒண்ணு குடு."

நடுத்தரம் மூன்று தட்டுத் தட்டியது. கீழேயும் மூன்று.

"கோபம் ஏறுது பார்," என்றார் மீனிடம். தொட்டியின் காலுக்கடியில் பழைய செருப்பை வெட்டிச் செருகினார். தொட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. தண்ணீர் இறங்கும் குழாய் காற்றை விழுங்கி, களக் களக் களக் என்று ஓயாமல் கத்தியது. கீழேயும் ஓயாமல் தட்டினார்கள். இடையிடையே சற்று நின்றது. கை வலித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையிலேயே செருப்பை உருவி எறிந்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு கடையில் நின்றார். கடைக்காரர் சத்தமில்லாத மோட்டாரைப் பையில் போட்டுக் கொடுத்தார்.

அதை மாட்டிவிட்டுப் பத்து மணிக்கு விளக்கைப் போட்டார். பவளம் விரிந்தது. மோட்டார் ஓடுகிறதா என்று கையை விட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. கால் மணி ஆனது. மேலேயும் சத்தமில்லை, கீழேயும் சத்தமில்லை. வீடே வாயடைத்துப் போனது. நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தவர், என்னவோ போலிருந்ததால் எழுந்து ரேடியோவைப் போட்டார். அதில் பேட்டரி இல்லை.

டொக், டொக்.

திடுக்கிட்டார். சற்றுப் பொறுத்து மூன்று. பிறகு சகட்டுமேனிக்கு இடி. தொட்டித் தண்ணீர் நடுங்கியது, பவளம் சுருங்கிக்கொண்டது.

பவளம் சுருங்கியதைப் பார்த்ததும் அவருக்கு வீட்டுக்காரர் மறந்துபோனார். தடதடவென்று படியிறங்கிக் கீழ்வீட்டுக் கதவை அறைந்தார்.

கதவு திறக்க நேரமானது. அந்தம்மா நாலுகால் ஊன்றுகோலைப் பிடித்தபடி நின்றார். ஒரு காலில் முழங்கால் வரை கட்டு. இன்னொரு கையில் ஒட்டடைக்கம்பு. அவரைக் கண்டதும் கம்பு கீழே விழுந்தது.

"அப்பாடா! நல்லாத்தான் இருக்கீங்க!"

"நான் நல்லா இருக்கறது இருக்கட்டும். இன்னிக்கு ஒரு பொட்டுச் சத்தம் உண்டா? இன்னும் எதுக்கும்மா இந்த இடி?"

"சத்தம் இல்லாததாலதாங்க."

"என்னது?"

"டெலிபோன் ஆபீஸ்ல இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தேன். கூப்பிட்டா பதில் சொல்லாம இருக்கத் தெரியாது. கால் ஒடிஞ்சு கிடக்கேன், ஒருத்தர் எட்டிப் பார்க்கல. நீங்கதான் கால் மணிக்கு ஒருதரம் தவறாம தட்டி, 'இருக்கியா'ன்னு கேட்டீங்க. ரெண்டு தட்டினா ரெண்டு, மூணு தட்டினா மூணு, 'இருக்கேன்'னு நானும் சொல்லிட்டே வந்தேன். நேத்து பாவம், நாள் பூரா கூப்பிட்டீங்க. இன்னிக்குத் திடீர்னு நின்னுபோச்சே, மேல ஆள் இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

எடைமேடைக்காரர் அந்தம்மாவை மேலும் கீழும் பார்த்தார். குனிந்து ஒட்டடைக்கம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தார். படியேறினார்.

நம்புகிற மாதிரியா இருக்கிறது? முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனை லாரிக்காரன் எத்தனை கதை சொல்லியிருப்பான். சொன்ன எடையை அப்படியே எழுதிக்கொள்கிற ஆள் அவர் இல்லை. எதற்கும் அந்தக் குட்டி மோட்டாரை மாட்டி ஒருதரம் சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.