பிரிக்காத மளிகைக் கவர்

மோகனசுந்தரம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் முதலில் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். அந்தக் கனைப்பு காதில் விழுந்ததும் அகிலாண்டேஸ்வரி அடுப்பைத் தணித்துவிட்டுக் கூடத்துக்கு வந்துவிடுவாள். வராவிட்டால் மனுஷன் சமையலறைக்கே வந்து முதலிலிருந்து ஆரம்பிப்பார். அதற்கு இது எவ்வளவோ மேல்.

அன்றைக்குக் கனைப்பு கொஞ்சம் பலமாகவே இருந்தது. டொரன்டோவில் டான் மில்ஸ் பக்கத்தில், ஒன்பதாவது மாடியில் அவர்கள் வீடு. மேஜைமேல் ஒரு கவர் கிடந்தது. ஒட்டி, ஒட்டின இடத்தில் குறுக்கே கையெழுத்தும் போட்டிருந்தார்.

ஆகஸ்டில் மோட்டார் ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அமெரிக்காவைச் சுற்றிவிட்டு வருவதாக ஏற்கெனவே ஏற்பாடு. படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கும், ஓட்டல் வாடகை கிடையாது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அவர் அதற்குச் சம்மதித்திருந்தார். வண்டி வாடகையைக் குறைக்கப் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. பெட்ரோலைக் குறைக்க வழியில்லை. குறைக்கக்கூடியதாக மிச்சம் இருந்தது வயிறு ஒன்றுதான்.

"இது வழியில மளிகை வாங்கறதுக்கு எடுத்து வெச்ச பணம். இந்தக் கவரைப் பிரிக்காமலே திரும்பி வரப் போறோம். அப்படியே முழுசா கலர் டிவிக்குப் போகுது" என்றார்.

சும்மா சொல்லக்கூடாது, விலைவாசியும் அப்போது அப்படித்தான் இருந்தது. சர்க்கரை விலையைக் கேட்டுவிட்டு, கசப்புக் காப்பிதான் உடம்புக்கு நல்லது என்று ஆபீஸ் முழுக்கப் பிரசாரம் பண்ணிய எஞ்சினியர் அவர்.

அகிலாண்டம் கவரைப் பார்த்தாள். பிறகு படுக்கையறைப் பக்கம் பார்த்தாள். அங்கே கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. திருவானைக்காவலிலிருந்து கப்பலில் வந்த பெட்டி. உள்ளே அவளுடைய கொலு பொம்மைகள் வந்த நாளிலிருந்து செய்தித்தாளைச் சுற்றிக்கொண்டு தூங்கின. அந்தப் பொம்மைகள் என்றால் அவளுக்கு உயிர். பேச்சுத் துணைக்கு ஆளில்லாத அந்த ஒன்பதாவது மாடியில், ஒரு நவராத்திரியாவது வீடு நிறைய ஜனங்கள் வந்து போகவேண்டும் என்பதைத் தவிர அவள் எதற்கும் ஏங்கியதில்லை.

இந்த வருஷமாவது கொலு வைக்கலாமா என்று கேட்டாள். வருஷா வருஷம் சொல்கிற பதிலையே அவரும் சொன்னார். படி கட்டலாம், பொம்மை அடுக்கலாம், சுண்டல் வாங்கிக்கொள்ள ஆள் எங்கே? கீழ் வீட்டு இத்தாலிக்காரத் தாத்தாவா? எதிர் வீட்டுப் போலந்துக்காரம்மாவா? ஊர் பூராவும் தேடினாலும் தெரிந்த தமிழ் முகம் நாலு தேறாது. கடைசியில் பொம்மைகளைப் பொம்மைகளே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டியதுதான்.

"கூடம் நிறைய ஆள் சேரட்டும். படியும் நானே கட்டறேன், செலவும் என்னோடது. போதுமா?" என்றார். ஒருநாளும் நடக்காது என்று தெரிந்தால்தான் அவர் கை இவ்வளவு தாராளமாக நீளும்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

கிளம்புகிற அன்றைக்கு வண்டியில் மளிகைக் கடையே ஏறியது. அரிசி, பருப்பு, புளிக்காய்ச்சல், ஊறுகாய், அப்பளம். குளிர்பெட்டிக்குள் ஒரு பெரிய பாத்திரம் இட்லிமாவு, சாம்பார், கூட்டு, தயிர். கடைசியாக அகிலாண்டம் ஒரு பித்தளைச் சம்புடத்தைக் கொண்டுவந்து வைத்தாள். திறந்து பார்த்தார். வாய் வரைக்கும் குங்குமம். இவ்வளவு எதுக்கு என்று கேட்டதற்கு, வழியில் வேண்டியிருக்கும் என்றாள். இது சாப்பிடுகிற சாமான் இல்லை, காலியானாலும் நஷ்டமில்லை என்பதால் அவர் மேலே விசாரிக்கவில்லை.

பஃபலோ எல்லையில் நின்ற அதிகாரி விசாரித்தார். சிவப்பாக ஒரு பொடியை இவ்வளவு கொண்டுபோனால் யார்தான் கேட்கமாட்டார்கள்? என்ன மசாலா இது, காரமாக இருக்குமா என்றார். அகிலாண்டம் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். அவர் சம்புடத்தையும் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தார். ஆயுசு முழுக்க வைத்தாலும் தீராது என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். சிரித்துக்கொண்டே போகச் சொல்லிவிட்டார்.

முதல் நாள் சாயங்காலம் ஏரி ஓரமாக, இந்த மாதிரி வண்டிகள் ராத்தங்குகிற ஒரு காம்ப்கிரவுண்டில் நிறுத்தினார்கள். மோகனசுந்தரம் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். குளிர்பெட்டி கேஸில் ஓடுகிற பெட்டி. ஆள் யாரும் திறக்காதபோதும் அதற்குப் பின்னால் ஒரு குட்டி ஜுவாலை சும்மா எரிந்துகொண்டிருந்தது. சும்மா எரிகிற எதையும் அவர் கண் பொறுக்காது. பெட்டிக்குள்தான் ஏற்கெனவே குளிர் இருக்கிறதே, அது எங்கே போய்விடப்போகிறது? யாரும் பார்க்காதபோது கேஸ் குழாயின் திருகை மூடிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் ஒஹையோ நெடுஞ்சாலையில் பின்பக்கமிருந்து தொப் தொப்பென்று ஏதோ சத்தம். ஓரம் கட்டிப் போய்ப் பார்த்தார்கள். ஆகஸ்டு வெயிலில் மாவு நன்றாகப் பொங்கி, குளிர்பெட்டிக் கதவைத் தானே திறந்துகொண்டு இறங்கி, பாய் விரித்த மாதிரி தரையெல்லாம் படுத்திருந்தது. சாம்பார் நுரைத்திருந்தது. கூட்டைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. மோகனசுந்தரம் திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டார். அகிலாண்டம் ஒரு வார்த்தை பேசவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையைத் துடைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு பொறுமையை அவர் பார்த்ததில்லை. அப்பவே உஷாராகியிருக்கவேண்டும்.

அடுத்த காம்ப்கிரவுண்டில் கடை இருந்தது. பால் விலையைப் பார்த்தார், முட்டைக்கோஸ் விலையைப் பார்த்தார், சட்டைப்பையில் இருந்த கவரை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டார். கைச்சில்லறையில் ஒரே ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் டெலிபோன் பூத். அகிலாண்டம் சங்கிலியில் தொங்கிய டெலிபோன் புத்தகத்தைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தாள்.

"கிளீவ்லாந்துல யாரோ சாரங்கபாணின்னு ஒருத்தர் இருக்காரு பாருங்க. நம்ம ஊர்ப் பேரு" என்றாள். சொல்லிவிட்டுப் புத்தகத்தை விட்டுவிட்டு, ரொட்டிக்கு ஊறுகாய் எடுக்கப் போனாள்.

மோகனசுந்தரம் அப்படியே நின்றார். மூளையில் பளிச்சென்று ஒரு யோசனை உதித்தது. தன் மூளையில்தான் உதித்தது என்று கடைசிவரை நம்பினார், பாவம். பத்து சென்ட் போட்டு நம்பரைச் சுழற்றினார்.

"வணக்கம் சார். டொரன்டோலேர்ந்து வந்திருக்கோம். தமிழ்க் குரல் கேட்டு ரொம்ப நாளாச்சு, அதான் கூப்பிட்டேன். எங்களுக்காக ஒண்ணும் சிரமப்படாதீங்க."

மறுமுனையில், எந்த இடத்தில் நிற்கிறீர்கள், அங்கேயே இருங்கள், நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று குரல் தழுதழுத்தது. சாரங்கபாணி வீட்டில் அன்றைக்கு வத்தக்குழம்பு, அவியல், பாயசம். மறுநாள் கிளம்பும்போது வண்டி நிறையப் புளியோதரையும் தயிர்சாதமும்.

பிறகு கேட்கவேண்டுமா? ஊருக்கு ஊர் பூத், பூத்துக்குப் பூத் புத்தகம். பிட்ஸ்பர்க்கில் அடை, வாஷிங்டனில் பிசிபேளாபாத், ஆல்பனியில் ஆப்பம். கூப்பிட்டவர்கள் எல்லாரும் அதே மாதிரி உருகினார்கள். அவர்களும் தனியாகக் கிடந்து தவித்தவர்கள்தானே. ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்து வரியையும் வண்டி மைலேஜையும் அலசுவார்கள். பெண்கள் சமையலறையில் குசுகுசுவென்று பேசிச் சிரிப்பார்கள். புறப்படும்போது அகிலாண்டம் சம்புடத்தைத் திறந்து வீட்டுக்காரிக்குக் குங்குமம் வைப்பாள். விருந்தாளிக்கு வீட்டுக்காரி குங்குமம் கொடுப்பதுதான் உலக வழக்கம். இங்கே தலைகீழாக இருக்கிறதே என்று மோகனசுந்தரம் ஒரு தடவை கவனிக்கத்தான் செய்தார். காசு செலவில்லாத மரியாதை, செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். இன்னொரு வீட்டுச் சாப்பாடு வயிற்றில் இருக்கும்போது யாருக்குத்தான் யோசிக்கத் தோன்றும்?

டொரன்டோவுக்குத் திரும்பியதும் கவரை மேஜைமேல் வைத்தார். ஒட்டு கலையவில்லை, கையெழுத்தும் அப்படியே இருந்தது. விட்பியில் இருந்த நண்பர் ரகுநாதனுக்குப் போன் போட்டு, திட்டம் என்றால் இதுதான் திட்டம் என்று வெகு நேரம் விளக்கினார். எந்த டிவி வாங்கலாம் என்று கடை கடையாகப் போய்ப் பார்த்து வைத்தார். அகிலாண்டம் மட்டும் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் கடைசியில் சாரங்கபாணியிடமிருந்து போன் வந்தது. சந்தோஷமாக எடுத்தார்.

"என்ன சார், படி கட்டியாச்சா?" என்றார் சாரங்கபாணி.

மோகனசுந்தரத்துக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தப் படி என்று கேட்டார்.

"கொலுப்படிதான். உங்க வீட்டம்மா குங்குமம் வெச்சு அழைச்சுட்டுப் போயிருக்காங்க. அதுக்கப்புறம் வராம இருந்தா என் சம்சாரம் என்னைச் சும்மா விடுவாளா? அக்டோபர் ரெண்டாவது திங்கக்கிழமை ரெண்டு நாட்டுலயும் லீவு. சரஸ்வதி பூஜையும் அன்னிக்கே. உங்க வீட்டம்மா எல்லாம் கணக்குப் பார்த்துத்தான் சொல்லியிருக்காங்க. பிட்ஸ்பர்க் நல்லதம்பியும் வராராம், தெரியுமில்ல?"

தெரியாது. இன்னும் யார் யார் வருகிறார்கள் என்பதும் தெரியாது. ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினார். அகிலாண்டம் கொண்டைக்கடலையை முறத்தில் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மேஜைமேல் இருந்த கவர் பிரிந்திருந்தது.

"செலவு என்னோடதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள்.

மறுக்க முடியுமா? சொன்னது சொன்னதுதான். மரக்கடைக்குப் போய்ப் பலகை வாங்கிவந்து ஏழு படி கட்டினார். எஞ்சினியர் கட்டிய படி, அசையாமல் நின்றது. பொம்மைகள் செய்தித்தாளை உதறிவிட்டு ஏறி உட்கார்ந்தன. வருகிறவர்கள் படுக்க வீட்டில் இடம் போதாது என்று அதே மோட்டார் ஹோமை மறுபடி வாடகைக்கு எடுத்துக் கீழே கட்டட வாசலில் நிறுத்தினார். கலர் டிவி போன இடம் தெரியவில்லை.

சரஸ்வதி பூஜை அன்றைக்கு ஒன்பதாவது மாடியில் கால் வைக்க இடமில்லை. பட்டுப்புடவைச் சரசரப்பு, குழந்தைகள் கும்மாளம், நல்லதம்பியின் பாட்டு. இத்தாலிக்காரத் தாத்தா மூன்றாவது தடவையாகச் சுண்டலுக்குக் கை நீட்டினார். அகிலாண்டத்தின் முகத்தைப் பார்த்தபோது, இந்தப் பெண்ணை இத்தனை வருஷம் இப்படிச் சிரிக்க விடாமல் வைத்திருந்தோமே என்று மோகனசுந்தரத்துக்கு நிஜமாகவே உறைத்தது. டிவி போனால் போகட்டும். அதிலும் இந்தக் கலரெல்லாம் வந்திருக்காது.

ஆனாலும் ஒரு சந்தேகம் அவர் மனதைக் குடைந்தது. பாயசப் பாத்திரத்தைக் கீழே வண்டிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வரச்சொல்லி அவள் கொடுத்தபோது மெதுவாகக் கேட்டார்.

"சம்புடம் நிறையக் குங்குமத்தை முன்கூட்டியே எடுத்து வெச்சியே, நாம கொண்டுபோன சாப்பாடு கெடாம இருந்திருந்தா இவங்க வீட்டுக்கெல்லாம் எப்படிப் போயிருப்போம்? உன் திட்டம் என்ன ஆகியிருக்கும்?"

அகிலாண்டம் பாத்திரத்தின் மூடியைச் சரிபண்ணி அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க கூட வரும்போது சாப்பாடு எப்படிங்க கெடாம இருக்கும்? போங்க, இந்தத் தடவையாவது கேஸை நிறுத்தாம வாங்க."