காஸ் அண்ணை பிரிட்ஜுக்கு நெருப்பு வைத்த கதை

நெருப்பை மூட்டிக் குளிரை வரவழைக்கிறேன் என்று கிளம்பி, ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு குடியிருப்பு முழுவதையும் நடுங்க வைத்த ஒரே மனிதர் காஸ் அண்ணைதான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று கடிதப் பெட்டியில் எழுதியிருந்தது. அதை நாங்கள் யாரும் வாசித்ததாக ஞாபகம் இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த முதல் வருடங்களில் ஒஸ்லோத் தமிழர்கள் வரிசையாக வீடு வாங்கினார்கள். வீடு வாங்கியவர்கள் பிறகு பெரிய கார் வாங்கினார்கள். காஸ் அண்ணை மட்டும் காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப் போகிற சில்லு வைத்த வீடு, ஒரு பழைய கரவனை வாங்கிக்கொண்டு வந்து, எங்கள் கார்த் தரிப்பிடத்தில் நிறுத்தினார். பார்க்க வந்த சனம் வாயை மூடிக்கொண்டா இருக்கும்?

"அகதி முகாமிலை கிடந்தது காணாதெண்டே, இப்ப லீவு எடுத்துக் காம்புக்குப் போறியள்?" என்று ஒருவர் கேட்டார்.

அண்ணை அதற்குச் சிரிக்கவில்லை. பிறகு என்னிடம் மட்டும் சொன்னார். "தங்கச்சி, கொழும்பிலை லொட்ஜ். இஞ்சை வந்தால் முகாம். பிறகு நகரசபை தந்த வீடு. எல்லாம் ஆரோ ஒருத்தர் 'இதிலை இரு' எண்டு காட்டின இடம். எங்கை நிக்கிறதெண்டு நானே முடிவெடுக்கிற வீடு இது ஒண்டுதான்." ஒரு வைத்தியசாலையின் சலவைப் பகுதியில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனிதர்.

அடுத்த நிமிடமே என்னைக் கொல்லப் பார்த்தார். கரவனின் வெளிப்பக்கத்தில் ஒரு சின்ன மூடியைக் கழற்றி, "உள்ளை பாரும், என்ன தெரியுது?" என்றார்.

குனிந்து பார்த்தேன். நீல நிறத்தில் ஒரு சுடர் நின்று எரிந்தது. "நெருப்பு" என்றேன்.

"அதுதான் பிரிட்ஜ்."

பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த என் பிள்ளைகள் இருவரையும் நான் இழுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஓடியதை அந்தக் குடியிருப்பில் பலர் பார்த்திருக்கிறார்கள். அண்ணை கீழே நின்று பல்கணியைப் பார்த்து விளக்கம் சொன்னார். காஸ் எரிந்தால் குழாய்க்குள் இருக்கிற அமோனியா சூடேறி ஓடுமாம். அது ஓடி வருகிற வழியில் பிரிட்ஜ் குளிருமாம். இந்த மனிதரை ஏன் இன்னும் பிடித்துக்கொண்டு போகவில்லை என்று நான் யோசித்தேன். அது அத்தனையும் உண்மை என்று பிறகு தெரிந்தபோது இன்னும் பயந்தேன்.

அந்த பிரிட்ஜ் கரண்டிலும் ஓடக்கூடியதுதான். வாங்கிய முதல் கிழமையே அண்ணை கரண்ட் பகுதியைத் திருத்தினார். அதோடு அது போய்விட்டது. "நோர்வேக் கரண்ட் சரியில்லை" என்றார். பிழையைத் தன்மேல் போடுகிற பழக்கம் அவருக்கு அறவே கிடையாது. அவர் திருத்திக் கொடுத்த மணிக்கூடு பிந்தினால், ஊர்தான் அவசரப்படுகிறது என்பார். ஆகவே மிச்சம் இருந்தது காஸ் மட்டும். அவருக்கு அந்தப் பெயர் வந்ததும் அப்படித்தான்.

அந்தக் காஸ் பிரிட்ஜில் ஒரு பேய்க்குணம் இருந்தது. எங்கள் தரிப்பிடத்தில் நிற்கும்போது பச்சைத் தண்ணீரை ஐஸாக்கும். காட்டோரம் கரவன்கள் தங்குகிற காம்புக்குப் போய் நிறுத்தினால், அடுத்த நாள் படுத்துவிடும். அண்ணையின் மனைவி மலரக்கா சமைத்துக் கொண்டுபோன ஆட்டிறைச்சி, மீன், தயிர் என்று எத்தனை சாமான் பழுதாகிப் போயிற்று. கோடை கோடையாக இதே கதைதான்.

கரவன் சரிவில் நின்றால் பிரிட்ஜ் வேலை செய்யாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அது நியாயமான பேச்சுத்தான். ஆனால் அண்ணை மட்டம் பார்க்கிற கருவியை வீட்டில் விட்டுவிட்டு, மலரக்கா வைத்த சொதிச் சட்டியைக் கரவன் நிலத்தில் வைத்து, சொதி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துப் பார்த்துச் சக்கரத்தை ஜக் போட்டு உயர்த்தினார். சொதி நேரானபோது, ஜக் போட்ட குலுக்கலில், உள்ளே கண்ணயர்ந்திருந்த மலரக்கா கட்டிலால் உருண்டு சொதிக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தார். பிரிட்ஜ் அப்போதும் குளிரவில்லை.

பிறகு குழாய் அடைத்துவிட்டது என்று முடிவுகட்டினார். பிரிட்ஜைக் கழற்றி, தரிப்பிடத்தின் நடுவில் தலைகீழாக நிறுத்திவிட்டுப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். குடியிருப்பைப் பராமரிக்கிற நோர்வேக்காரர், வாய் திறந்து அதிகம் கதைக்காத மனிதர், வந்து பார்த்தார்.

"இது என்ன?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

"வைத்தியம்."

"யாருக்கு?"

"பிரிட்ஜுக்கு. தலைகீழாக நின்றால் அடைப்பு எடுபடும்."

அந்த மனிதர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பிறகு அண்ணையைக் கண்டால் மற்றப் பக்கத்து வாசலால்தான் போவார். ஆனால் நிமிர்த்திப் பூட்டிக் காஸைக் கொளுத்தியதும் பிரிட்ஜ் ஐஸ் போட்டது. அண்ணை ஊர் முழுக்கச் சொன்னார். அடுத்த காம்பில் மறுநாளே மீன் நாறியது.

அன்றுதான் மலரக்கா சொன்னார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை.

"இஞ்சாருங்கோ, எனக்கு இனி ஏலாது. கடைசியாய் ஒருக்கா வாறன். வச்ச பால் அடுத்த நாள் பின்னேரம் திரைஞ்சு கிடந்தால், கரவனை வித்துப்போடுவம். நான் இனி வரமாட்டன்."

காஸ் அண்ணைக்கு முகம் செத்துப்போனது. எழுந்து போய்க் கரவனின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

அந்தக் கடைசிப் பயணத்துக்கு நானும் போனேன். என் கணவருக்குச் சனி ஞாயிறு வேலை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வா என்று மலரக்கா கூப்பிட்டிருந்தார். சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும் என்று நினைத்தாரோ தெரியாது. காட்டோரமாக ஒரு ஏரிக்கரை. போய் நிறுத்திய அன்று பால் ஜில்லென்று இருந்தது. அடுத்த நாள் மத்தியானம் அண்ணை பிரிட்ஜைத் திறந்து உள்ளே கையை விட்டார். எடுத்த கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தார். எனக்கு விளங்கிவிட்டது. பால் இன்னும் திரையவில்லை, ஆனால் குளிர் போய்க்கொண்டிருந்தது.

சுடர் நீலமாக எரிந்தது. காஸ் இருந்தது. மட்டம் சரியாக இருந்தது. அண்ணை என்னைப் பார்த்து, "தங்கச்சி, ஸ்குரூ டிரைவரைக் கொண்டு என்னோடை வாரும். பின்னாலை இருக்கிற காத்துத் துவாரத்தைக் கழட்டிப் பாப்பம்" என்றார். சுடர் எரிகிற மூடி முன்பக்கமாக இருந்தது. காற்றுத் துவாரமோ கரவனின் காட்டுப் பக்கத்தில். அங்கே பற்றையும் நுளம்பும்தான். காம்பில் அண்ணைகூட அந்தப் பக்கம் போனதில்லை.

போனோம். துவாரத்தைக் காணவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில், பழைய வேட்டித் துண்டில் தைத்த பைகள், ஒன்றோடொன்று நெருக்கி, கயிற்றால் இறுக்கிக் கட்டித் தொங்கின. ஒரு ஊசிக்குக்கூட இடம் இல்லை. அண்ணை ஒரு பையின் வாயை அவிழ்த்தார்.

மோர்மிளகாய்.

ஒஸ்லோ வெயிலில் மோர்மிளகாய் காயாது. வீட்டு ஹீற்றரில் போட்டால் மாடி முழுக்க மணக்கும். காஸ் எரியும்போது அந்தத் துவாரத்தால் சூடான காற்று ஓயாமல் வெளியே வரும் என்பதை மலரக்கா எப்போதோ கண்டுபிடித்திருக்கிறார். காம்புக்குப் போய் இறங்கியதும், யாரும் பார்க்காத அந்தப் பக்கத்தில் பைகளைக் கட்டிவிடுவார். வெளியே போக வழியில்லாத சூடு உள்ளே தேங்கி, பிரிட்ஜைப் படுக்கப் போட்டிருக்கிறது. சொதிச் சட்டி, தலைகீழ் வைத்தியம், பேய், பிசாசு எல்லாவற்றுக்கும் காரணம் இந்த மிளகாய். அந்த மிளகாயைப் பொரித்து வருடம் முழுக்கத் தயிர்ச்சோற்றோடு தின்றது யார்? காஸ் அண்ணை. மலரக்காவுக்கு உறைப்பே ஒத்துக்கொள்ளாது.

இனிப் பூகம்பம்தான் என்று நான் நினைத்தேன். இத்தனை கோடையும் ஒரு நாடே சேர்ந்து சிரித்த மனிதர். இப்போது அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி, "ஆரின்ர பிழை எண்டு எல்லாரும் வந்து பாருங்கோ" என்று கத்தினால் யார் தடுக்க முடியும்? நானாக இருந்தால் கத்தியிருப்பேன்.

அண்ணை ஒவ்வொரு பையாக அவிழ்த்தார். மிளகாய் நொருங்காமல் பார்த்து எடுத்து, வெயில் விழுகிற பேர்ச் மரக் கிளைகளில் கட்டினார். கட்டிக்கொண்டிருக்கும்போதே மலரக்கா வந்துவிட்டார்.

"ஏன் அதைக் கழட்டினியள்? உங்களுக்கெண்டெல்லோ போட்டனான்."

"இதிலை நல்ல காத்து. கெதியாக் காயும்."

"பிரிட்ஜ் என்ன மாதிரி?"

"அது என்ர பிழை, மலர். காஸை அரைவாசி திறந்து வச்சிருந்திருக்கிறன். இவ்வளவு நாளும் கவனிக்கேல்லை."

என் கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் விழுந்துவிட்டது. பிரிட்ஜுக்குள் நெருப்பைப் பார்த்தபோதுகூட எனக்கு இப்படி நெஞ்சு திடுக்கிடவில்லை. மலரக்கா கிட்டப் போய், புறங்கையை அவர் நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

"என்னப்பா, காய்ச்சல் கீச்சல் இருக்கோ?"

பின்னேரம் பால் திரையவில்லை. மலரக்கா தேத்தண்ணி போட்டார். கரவனை விற்கிற பேச்சு அதற்குப் பிறகு வரவே இல்லை. அவர்கள் அந்தக் கரவனோடு வடநோர்வே வரை போய் வந்தார்கள். மிளகாய்ப் பைகளை மரத்தில் கட்டுகிற பொறுப்பை அண்ணையே எடுத்துக்கொண்டார். என்ர மனுசன் வாழ்க்கையிலை ஒரே ஒருக்காப் பிழையை ஒத்துக்கொண்டவர் என்று மலரக்கா கோயிலில் எல்லோருக்கும் பெருமையாகச் சொல்வார். மலரக்கா வார இதழ் படிக்கிறதில்லை என்ற தைரியத்தில்தான் நான் இதை எழுதுகிறேன்.

அன்று மத்தியானம் மலரக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் அண்ணை பொய் சொன்னியள்? நீங்கள் வெண்டுட்டியள் எல்லோ?" என்று கேட்டேன்.

அவர் கடைசிப் பையைக் கிளையில் இறுக்கிக்கொண்டே சொன்னார். "தான் ஆசையாச் சமைச்சதெல்லாம் தன்னாலைதான் பழுதாப்போனதெண்டு தெரிஞ்சால், அவ வெக்கத்திலை பிறகு வரமாட்டா, தங்கச்சி. அவ இல்லாமல் நான் ஆரோடை போறது?"

பிரிட்ஜைப் பற்றிக் காஸ் அண்ணை சொன்ன எதையும் நான் இன்றைக்கும் முழுதாக நம்புவதில்லை. அந்த ஒரு பொய்க்காக அந்த மனிதரை எனக்கு நிரம்பப் பிடிக்கும்.