இருபது அடியும் கரடி வாலும்

ஒரு விடுகதை. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. கதவைத் தட்டாமல் உள்ளே வரும். முதலில் தலைவலி கொடுக்கும், அப்புறம் தூக்கம் கொடுக்கும், அப்புறம் எழுந்திருக்கவே விடாது. அது என்ன?

இந்த விடுகதையைப் போட்டவள் ஒரு வண்டி மெக்கானிக். கேட்டுக்கொண்டிருந்தவர் அவள் வீட்டுக்காரர், தையல்காரர். அவர் யோசிக்கவே இல்லை.

"உன் தம்பி."

"என் தம்பி மீன் வெட்டுறவன். தெருமுனை திரும்பும்போதே வாசனை வந்துடும். இது கார்பன் மோனாக்சைடு. ஜெனரேட்டர் புகையில இருக்கு. ஜன்னலைத் திறந்து வெச்சாலும் போகாது. அது வந்தா கத்தணும்னுதான் சுவத்துல அலாரம் மாட்டியிருக்கேன். அதனால ஜெனரேட்டர் வீட்டுல இருந்து இருபது அடி தள்ளித்தான் ஓடணும். வேலியோரம் நாலு கழி நட்டு, மேல தார்ப்பாய் கட்டிடுங்க."

"கட்டிடறேன்."

இது போன மாதம். கட்டவில்லை.

இப்போது காற்றில் கம்பி அறுந்து இரண்டு நாளாக மின்சாரம் இல்லை. மழையும் விட்டபாடில்லை. நாளைக் காலையில் பள்ளி நாடகம். கதை நடக்கும் காட்டில் பதினொரு மிருகங்கள். அத்தனைக்கும் உடை தைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவர் நம் தையல்காரர். ஆறு முடிந்திருந்தது. பாக்கி ஐந்தில் ஒன்று கரடி. கரடி வேறு யாரும் இல்லை, அவருடைய ஏழு வயது மகள்தான்.

"சாயங்காலத்துக்குள்ள முடிச்சே தீருவேன்" என்று தையல்காரர் காலையிலேயே சபதம் செய்தார். மோட்டார் மெஷின் ஓட ஜெனரேட்டர் வேண்டும். ஜெனரேட்டரை மழையில் நிறுத்த அவருக்கு மனசு வரவில்லை. தன் தலை நனைந்தால் துண்டு தேடமாட்டார். அதன் தலை நனைந்தால் துடித்துப் போவார்.

மனைவி பட்டறைக்குக் கிளம்பியபோது அவர் தரையில் மண்டியிட்டு டேப்போடு நகர்ந்துகொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"அளக்கறேன். நம்ம கட்டில் கால்ல ஆரம்பிச்சேன். பீரோவைச் சுத்தி, நடை வழியா, அடுப்படி வாசலைத் தாண்டி, ஸ்டோர் ரூம் மூலை. சரியா இருபது அடி அரை அங்குலம்."

"டேப்பு ஏன் இப்படிப் பாம்பு மாதிரி கிடக்கு?"

"உடம்பு வளைஞ்சா டேப்பும் வளையணும். இருபத்தஞ்சு வருஷத் தொழில். அரை அங்குலம் லூஸும் விட்டிருக்கேன்."

அவள் சுவரைப் பார்த்தாள். பட்டன் டப்பாவைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். பின்பக்கம் போய் வந்தாள். மகள் காதில் ஏதோ சொன்னாள். "வரேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். ஒரு சண்டைகூட இல்லை. தையல்காரர் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

அவர் பின்பக்கம் இருந்த ஜெனரேட்டரை ஸ்டோர் ரூமுக்கு இழுத்து வந்தார். கயிற்றைப் பிடித்து இழுத்தார். உறுமவில்லை. மறுபடி இழுத்தார். கதவருகே ஒரு கை மட்டும் தைத்த கரடி நின்று எண்ணிக்கொண்டிருந்தது.

"முப்பத்தெட்டு. அப்பா, கை மாத்துங்க."

நாற்பத்தொன்றாவது இழுப்பில் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. போனை எடுத்தார்.

"ஏம்மா, இந்த ஜெனரேட்டருக்கு என்ன கேடு?"

"ஒரு கேடும் இல்லீங்க. ஸ்பார்க் பிளக் இல்ல."

"எங்க போச்சு?"

"நான்தான் கழட்டினேன். சுவத்துல அலாரம் இருந்த இடத்துல வெறும் ஆணி இருந்துது. பட்டன் டப்பா கனமா இருந்துது. நீங்க ஸ்டோர் ரூமை அளந்தீங்க. மூணையும் ஒட்டுப் போட்டுத் தெச்சேன், கரெக்டா சேந்துது."

"அந்த அலாரம் கத்தினா எனக்கு ஊசியில நூல் கோக்க வராது."

"அது கத்தலைன்னா நூல் கோக்க ஆளே இருக்க மாட்டீங்க. வீட்டுல குழந்தை வேற. முதல்ல டப்பாவுல இருந்து அதை எடுத்து மாட்டுங்க."

"சரி, பிளக் எங்க?"

"கரடிகிட்ட."

தையல்காரர் கரடியின் முன்னால் மண்டியிட்டார்.

"கண்ணு, இங்க பாரு. இப்ப பிளக்கைக் குடுத்தா அஞ்சு உடையும் முடிச்சு, உனக்குப் புசுபுசுன்னு வாலும் வெச்சுடுவேன். வெளிய போய்க் கழி நட்டா ரெண்டு மணி நேரம் போயிடும். அப்புறம் வாலுக்கு நேரம் இருக்காது. நல்லா யோசிச்சுச் சொல்லு."

கரடி நன்றாகவே யோசித்தது.

"வால் இல்லாட்டி கரடியால மூச்சு விட முடியுமாப்பா?"

"அதெல்லாம் முடியும்."

அரை மணி கழித்துத் தையல்காரர் மழையில் வேலியோரம் குழி தோண்டிக்கொண்டிருந்தார். டேப்பின் ஒரு முனை அவர் கையில். மறுமுனையை வீட்டுச் சுவரில் வைத்து, குடைக்குள்ளிருந்து கரடி பிடித்துக்கொண்டிருந்தது. இந்த முறை டேப்பில் ஒரு வளைவும் இல்லை. தார்ப்பாய் ஏறி, சைலன்சர் வேலிப் பக்கம் திரும்பி, அலாரம் ஆணிக்கு வந்த பிறகுதான் கரடி பையிலிருந்து பிளக் வெளியே வந்தது.

இருட்டுவதற்குள் ஐந்து உடையும் தைத்து முடித்துவிட்டார். மறுநாள் பதினொரு மிருகங்களும் மேடை ஏறின. பத்துக்கு வால் இருந்தது.

கரடி மட்டும் வால் வேண்டாம் என்று சொல்லிவிட்டது.