டீச்சர் குடித்த தண்ணீர்

"யூரின் நல்லா முட்டணும் மேடம். அப்பதான் ஸ்கேன் எடுப்பாங்க" என்றாள் ஸ்கேன் சென்டர் கவுண்டர் பெண், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"முட்டிக்கிட்டுத்தாம்மா நிக்கிறேன்" என்றாள் டீச்சர்.

"டாக்டர் இன்னும் வரலை. அடக்கிக்கோங்க."

அடக்குவது டீச்சருக்குப் புதிதா என்ன? பள்ளிக்கூடத்துக் கழிப்பறைச் சாவியை ஹெட்மாஸ்டர் தொலைத்த நாளிலிருந்து அதுதானே பிழைப்பு. அடிவயிற்று வலியையும் மாதக்கணக்கில் அப்படித்தான் அடக்கினாள். மாமியார் வாயு என்றார். வீட்டுக்காரர் டென்ஷன் என்றார். ஹெட்மாஸ்டரோ, லீவு வேண்டுமென்றால் மட்டும் வருகிற வலி என்றார். என்னவோ இவர்கள் வயிற்றுக்குள் வலிக்கிற மாதிரி ஆளுக்கொரு தீர்ப்பு. கடைசியில் லேடி டாக்டர் ஒருவர்தான், "கர்ப்பப்பையில கட்டியா, சினைப்பையில நீர்க்கட்டியா, உள்ள ஏதாவது புண்ணான்னு பார்த்துடலாம்மா" என்று மனுஷியாகப் பேசினார். இன்றைக்கு விட்டால், இனி பரீட்சை முடிந்துதான் லீவு. அதுவரை வலியோடு கிடக்க வேண்டியதுதான்.

"நீ உட்காரு, நான் பேசறேன்" என்று கூட வந்திருந்த வீட்டுக்காரர் எழுந்தார். பேசினார். பேசிய அழகில் கவுண்டர் பெண் டீச்சரை வரிசையில் கடைசிக்குத் தள்ளிவிட்டாள்.

"உங்களை யாரு பேசச் சொன்னா?"

"உனக்காகத்தானே பேசினேன்."

டீச்சர் தானே எழுந்து போனாள். "முடியலைம்மா. வலி வேற உயிரெடுக்குது."

கவுண்டர் பெண் இரக்கப்பட்டாள். "சரி, முதல் ஆளா உங்களை அனுப்பறேன். இப்ப பாதி மட்டும் போயிட்டு வாங்க. பாதியில நிறுத்திடுங்க."

"இதென்ன குழாயா, திருகி மூட?"

போனாள். எங்கே நிறுத்துவது? முழுவதும் காலி. வெளியே வந்தால், டாக்டர் வந்தாயிற்று.

"மேடம், நிறைஞ்சிருக்கா?" என்றாள் கவுண்டர் பெண்.

"இல்லை."

"அப்ப முடியாது. மறுபடி குடிங்க. அடுத்த ஆள் வாங்க."

டீச்சருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வீட்டுக்காரர் பாட்டில் பாட்டிலாக வாங்கி நீட்டினார். அவரை முறைத்துக்கொண்டே குடித்தாள். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஸ்கேன் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவழியாகக் கூப்பிட்டபோது, வயிற்றைப் பிடித்தபடி குனிந்தே உள்ளே நடந்தாள்.

"டாக்டர், சீக்கிரம் எடுத்துடுங்க. இனி ஒரு நிமிஷம்கூடத் தாங்காது."

ஸ்கேன் டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்கும்மா இவ்வளவு தண்ணி? உங்களுக்கு உள்வழியா எடுக்கிற ஸ்கேன், பாத்ரூம் போயிட்டு நேரா உள்ள வந்திருக்கணும்."