மில்லர் தெரு மீட்டர்கள்

காசுப் பையை மேஜைமேல் வைத்தால் 'தொம்'மென்று சத்தம் வர வேண்டும். மில்லர் தெருப் பையை வைத்தபோது 'சலக்' என்றுதான் கேட்டது. வென்டெல் கோவாச் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்களைத் தேய்த்துக்கொண்டார். தொடர்ந்து மூன்றாவது மாதம்.

நகரத்தின் பார்க்கிங் மீட்டர்களுக்கு அவர்தான் மேற்பார்வையாளர். மில்லர் தெருவில் காலையிலிருந்து மாலைவரை ஒரு கார் நகர்ந்தால் அந்த இடத்துக்கு இரண்டு கார்கள் முட்டிக்கொள்ளும். ஆனால் கல்லறைக்குப் பின்னால் இருக்கிற சந்து அதைவிட அதிகமாக வசூலித்தது.

"எவனோ திருடுறான்," என்றார் துணை ஆணையர் கோர்மன் அம்மையார். "கண்டுபிடிங்க கோவாச். இல்லைன்னா நீங்கதான்னு எழுதிடுவேன்."

"மேடம், எனக்கு முட்டி வலி. பென்ஷனுக்கு இன்னும் எட்டு மாசம். இந்த வயசிலயா நான் திருட்டுத் தொழில் கத்துக்கப் போறேன்?"

அம்மையார் சிரிக்கவில்லை.

கோவாச் கால் டாலர் காசுகளில் ஊதாப் பொடியைத் தடவி, பனியில் சறுக்கிச் சறுக்கி நடந்து, மில்லர் தெரு மீட்டர்களில் போட்டுவிட்டு வந்தார். தொட்டவன் கையில் ஒரு வாரத்துக்குச் சாயம் போகாது. இந்த யோசனையில் அம்மையாருக்கு அவ்வளவு பெருமை, பத்திரிகைக்கும் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமைக்குள் கோவாச்சின் கை ஊதா. காசு எடுக்கும் ரூஃபஸ் பீபிள்ஸின் கை ஊதா. வங்கியில் எண்ணுகிற பெண்ணின் கை ஊதா. கழிவறைக் கதவின் கைப்பிடி வழியாக அலுவலகத்தில் மீதிப் பேருக்கும் வந்துவிட்டது. நகம் கடிக்கும் பழக்கமுள்ள கோர்மன் அம்மையார், ஊதா உதடுகளோடு மேயரின் விருந்துக்குப் போய்விட்டு வந்தார்.

திங்களன்று அவர் ரூஃபஸைக் கூப்பிட்டார். "உன் கையைக் காட்டு."

"காசு எடுக்கிறதுதானே மேடம் அவன் வேலை?" என்றார் கோவாச். "கை ஊதா ஆகாம என்ன செய்யும்?"

"உங்க கையும்தான் ஊதா. ரெண்டு பேர்ல ஒருத்தரைச் சொல்லுங்க."

கோவாச் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். விசாரணை முடியும்வரை ரூஃபஸ் வேலைக்கு வர வேண்டாம் என்று முடிவாயிற்று.

இருபத்திரண்டு வருடங்களாக மதிய உணவை எதிரெதிரே உட்கார்ந்து தின்றவர்கள் அவர்கள். ரூஃபஸ் தன் பெட்டியைத் திறந்து சாவியை எடுத்து மேஜையில் வைத்தான்.

"என் சாவி எதுக்குப் பொருந்துதோ அதைத் திறப்பேன் வென்டெல். மத்த மீட்டரெல்லாம் வேற லைன்ல காசு எடுக்கிறவன் பாடு. இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது."

"நீ எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்யா."

"அதை உள்ள சொல்லியிருக்கலாமே?"

அன்று கோவாச்சுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாளே திருடனைத் தானே பிடித்துவிடுவதென்று, தன் சொந்தக் காரை மில்லர் தெருவில் நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்தார். முதல் நாள் காசு போடுவதைத் தவிர வேறெதற்கும் ஒருவனும் மீட்டரைத் தொடவில்லை. இரண்டாம் நாள் கண்ணயர்ந்துவிட்டார். விழித்தபோது காரின் முன்கண்ணாடியில் அபராதச் சீட்டு. எழுதியது அவர் பிரிவுப் பெண்ணேதான்.

"என்னை அடையாளம் தெரியலையாம்மா?"

"தெரிஞ்சுது சார். அதான் உங்க பேரை எழுத்துப்பிழை இல்லாம எழுதியிருக்கேன்."

மூன்றாம் நாள், காருக்குள்ளிருந்து மீட்டர்களையே வெறிக்கிற ஆசாமியைப் பற்றி யாரோ கடைக்காரர் போலீசுக்குச் சொல்லிவிட்டார். போலீஸ்காரர் ஜன்னலைத் தட்டினார். கோவாச் கையை வெளியே நீட்டினார்.

"ஓகோ, ஊதா!" என்றார் பத்திரிகை படித்திருந்த போலீஸ்காரர்.

இரண்டு மணி நேரம் ஸ்டேஷன் பெஞ்சு. "இவர் எங்க ஆள்தான்" என்று சொல்ல வந்த கோர்மன் அம்மையாரின் உதடுகளைப் பார்த்து, அவரையும் உட்காரச் சொன்னார்கள்.

கடைசியில் அம்மையாரே ஓர் உத்தரவு போட்டார். மில்லர் தெருவில் நிற்கிற ஒவ்வொரு மீட்டருக்கும் புதுப் பூட்டு. ஒரே சாவி. அது கோவாச்சிடம்தான் இருக்கும். பூட்டுக்காரர் பழைய பூட்டுகளைத் துளைபோட்டு எடுத்து, ஒன்று விடாமல் மாற்றினார். அடுத்த வாரம் கோவாச் முட்டியைப் பிடித்துக்கொண்டு, தானே வண்டியைத் தள்ளிக் காசு எடுத்து வந்தார்.

பை 'தொம்'மென்று விழுந்தது. மேஜையே ஆடியது.

சந்தோஷப்பட வேண்டிய சத்தம்தான். ஆனால் கோவாச் எதிரே காலியாக இருந்த ரூஃபஸின் நாற்காலியைப் பார்த்தார்.

"பார்த்தீங்களா? ரூஃபஸ் போனான், காசு வந்தது," என்றார் அம்மையார். தட்டச்சு செய்த தாளை நீட்டினார். வேலை நீக்கம். பென்ஷன் கிடையாது. "மேற்பார்வையாளர் கையெழுத்து. இங்க போடுங்க."

கோவாச் பேனாவின் மூடியைக் கழற்றினார். மறுபடி மூடினார்.

"போட மாட்டேன் மேடம்."

"என்னது?"

"அவன் எடுக்கலை. அன்னிக்கே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

"அப்படின்னா இவ்வளவு காசு இப்ப எங்கிருந்து வந்துச்சு?"

"தெரியாது."

"எட்டு மாசம்தானே இருக்குன்னு சொன்னீங்க? யோசிச்சுப் பேசுங்க."

"யோசிச்சாச்சு மேடம். ரொம்பக் களைப்பா இருக்கு. என் பேரையே எழுதிக்குங்க."

அம்மையார் வேறு தாளைத் தட்டச்சுப் பொறியில் செருகினார். அதற்குள் வெளியே கவுன்ட்டர் மணி அடித்தது. கம்பளிக் கோட்டு போட்ட ஒருவர், தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். கண்ணியமான மனிதர். கோபத்தை அடக்கிக்கொண்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

"சொல்லுங்க, என்ன புகார்?" என்று கேட்டார் கோவாச்.

"மில்லர் தெருவில பதினோரு மீட்டர் என் சொந்தக் காசில வாங்கி நானே நட்டது சார், என்னை ஒரு வார்த்தை கேக்காம பூட்டை மாத்திட்டீங்க, புதுச் சாவியை யார்கிட்ட வாங்கிக்கணும்?"