கடலைப் பார்த்தால்தான் சாவி

புதுச்சேரிக்கு வந்து கடலைப் பார்க்காமலே ஊர் திரும்பியவர் ஒருவர் உண்டென்றால், அவர் நிச்சயம் பாத்தாச்சா முசேயின் லாட்ஜில் தங்கியிருக்க மாட்டார். அங்கே தங்கியவர்கள் கடலைப் பார்த்தே தீருவார்கள். கண்ணை மூடிக்கொண்டாலும் இமையைப் பிரித்துக் காட்டிவிடுவார்.

முசே என்றால் அந்த ஊரில் ஐயா. பாத்தாச்சா என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் கேள்வி. பிரெஞ்சுக்காரர் காலத்தில், சரக்கு இறக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டியிருந்த கப்பல் பாலத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கியவர். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. கடற்கரைக்கு நாலு தெரு தள்ளி ஓட்டு வீடு, கீழே வாடகைக்கு விட மூன்று அறைகள். மாடி அறையில் சில வருஷமாக மாதக் குடித்தனம் நான், ஆபீஸ் குமாஸ்தா. எங்கள் ஆபீஸ் கடற்கரைச் சாலையிலேயே இருந்தது.

பிரெஞ்சுக் கொடி இறங்கிக் கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. மெட்ராஸ் ராஜ்ஜியத்தில் மதுவிலக்கு, இங்கே கிடையாது. அதனால் எல்லையிலுள்ள கோரிமேடு தாண்டி பஸ்ஸில் வந்து இறங்குகிற வெளியூர்க்காரர்களில் பாதிப் பேர் எதற்கு வருகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். அறைக்குள் போனால் போனதுதான். மறுநாள் சிவந்த கண்ணோடு பஸ் ஏறுவார்கள். அதுதான் முசேக்குப் பொறுக்காது.

அவர் ஒன்றும் குடிக்கு விரோதி இல்லை. சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சின்ன கிளாஸ் ஒயின் அவருக்கே உண்டு. "குடிங்கய்யா, நா வேணாங்கலை. ஆனா இம்மாம் பெரிய கடல் இருக்கறது தெரியாமலே ஊருக்குப் போனா என்னா அர்த்தம்?" என்பார். ஆகவே வந்தவர் பெட்டியை வாங்கித் தன் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, ஊர் சுற்றிக் காட்ட அவரே கிளம்பிவிடுவார். திரும்பி வந்த பிறகுதான் அறைச் சாவி.

சுற்றுவதும் லேசில் இல்லை. பெரிய மார்க்கெட்டில் மீனை மோந்து பார்க்க வேண்டும். கலங்கரை விளக்கத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். பிறகு கப்பல் பாலம். அது புயலில் போய், கடலுக்குள் சில இரும்புத் தூண்கள்தான் மிச்சம்.

"பாலம் எங்கங்க?"

"போயிடுச்சு. இருக்கறதா நெனச்சுக்கினு பாருங்க. அந்தா, அதோட மொனையிலதான் நா நிப்பேன்."

வந்தவர் இல்லாத பாலத்தைப் பார்த்து "ஆகா" என்று சொல்லும்வரை நகர மாட்டார். செங்கல்பட்டுக்காரர் ஒருவர் பாதியில் நழுவி வந்து, எல்லாம் பார்த்தாச்சு என்று சாதித்தார். "பூங்கா மண்டபத்துக்கு வாசல் எந்தப் பக்கம்?" என்று கேட்டார் முசே. "கிழக்கே." "நாலு பக்கமும் வாசல். நடங்க" என்று மறுபடி இழுத்துப் போனார்.

எனக்கு அப்போது கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நடந்தது என்பதைவிட நின்றது என்பதே சரி. புதுச்சேரி மாப்பிள்ளையா, குடிப்பானே என்று ஓர் இடம் போயிற்று. அப்பா அம்மா இல்லாத பையனா என்று இன்னோர் இடம். மிச்சமிருந்தது திண்டிவனத்து மளிகைக்கடைக்காரர் ஒருவரின் பெண் மட்டுமே. போட்டோவைப் பார்த்ததிலிருந்து இந்த இடமும் தட்டிப் போய்விடக் கூடாதே என்று தூக்கமில்லாமல் கிடந்தேன்.

ஒருநாள் ஆபீஸ் ஜன்னலில் பார்த்தால், குடை பிடித்த ஒரு தடித்த மனிதரை முசே கையைப் பிடித்து வெயிலில் இழுத்துக்கொண்டு போகிறார். "இன்னிக்கு ஒருத்தர் மாட்டிக்கிட்டாருய்யா" என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தேன். பிற்பகலில் அதே குடை எதிர்த்திசையில் போயிற்று. அப்போதும் சிரித்தேன்.

சாயங்காலம் லாட்ஜுக்கு வந்தால் அந்த மனிதர் வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

"நா திண்டிவனத்துலேர்ந்து வர்றேன். பொண்ணோட அப்பா."

சொல்லாமல் கொள்ளாமல் வந்து தங்கி, என்னைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்கத் திட்டம் போட்டிருக்கிறார். ரகசிய விசாரணை என்பதால் வந்த காரணத்தைச் சொல்ல முடியவில்லை. "ஒரு சொந்த வேலையா வந்தேன்னு சொன்னேன் தம்பி. 'எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, புரியுது' ன்னு கண்ணடிச்சிட்டு என்னை இழுத்துக்கினு கெளம்பிட்டாரு. ஊருக்கு வெளிய தேங்காய்த்திட்டு வரைக்கும் நடந்தேன். தாகமா இருக்கு, சோடா வாங்கிக்கிறேன்னா, 'மொதல்ல சோடாம்பீங்க, அப்பறம்?' னு கேக்கறாரு."

முசேயைப் பார்த்தேன். அவர் கையில் துண்டோடு, விஷயம் புரிந்து வெளிறிப்போய் நின்றார். தொலைந்தது இந்த இடமும் என்று நினைத்தேன். அவர் கழுத்தை நெரிக்கலாமா என்றுகூட இருந்தது.

திண்டிவனத்துக்காரர் காலைத் துடைத்துக்கொண்டார். "நீ குடிக்கிறியான்னு கேட்டுப் போகத்தான் வந்தேன். இனிமே யாரையும் கேக்க வேணாம். ஒரு சோடா குடிக்க விடாத மனுசன் வீட்ல இத்தினி வருஷம் இருந்திருக்கே. ஒனக்குப் பொண்ணு கொடுக்கலாம்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா மேக்கொண்டு பேசி முடிக்க ஒம் பக்கம் பெரியவங்கன்னு யாரு இருக்காங்க?" என்றார்.

எப்போதும் என்னைத் திணற வைக்கிற கேள்வி.

"ஏன், நா இருக்கேனே" என்றார் முசே. அதில் என்ன சந்தேகம் என்பதுபோல நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்து, முகூர்த்தம் எந்த மாதத்தில் வைக்கலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

கல்யாணத்தில் என் அப்பாவுக்குரிய இடத்தில் உட்கார்ந்ததும் அவர்தான். எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்து இவர் யார் என்று கேட்கிறவர்களிடம் நான் பெரிதாக விளக்கம் எதுவும் சொல்வதில்லை. எங்கப்பா என்று சொல்லிவிடுகிறேன்.